பத்தில் ஏழு, நூற்றில் ஆறு: பிரிஸ்பேனில் பிறந்த ஒரு டி செல் சிகிச்சை

2023 நவம்பரில் அட்டாரா பயோதெரபியூட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், ஏ.டி.ஏ.188 என்ற செல் சிகிச்சையின் இரண்டாம் கட்டப் பரிசோதனை முடிவை அறிவித்தது. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் படிப்படியாக முற்றிக்கொண்டே போகும் நோயாளிகளுக்கான சிகிச்சை அது. பன்னிரண்டு மாதங்களில் உடல் இயலாமை குறைந்து, அது உறுதியும் செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி. சிகிச்சை பெற்றவர்களில் 6 சதவீதம். போலி மருந்து பெற்றவர்களில் 16 சதவீதம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018இல், இதே கருத்தை, அதாவது எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய செல்களை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைக் கொண்டு அழிப்பதை, அடிப்படையாகக் கொண்ட முதல் கட்டப் பரிசோதனையில் பத்து நோயாளிகளில் ஏழு பேர் தேறியதாக அறிக்கை வந்திருந்தது. அந்த ஏழு எப்படி இந்த ஆறு ஆனது? இதற்குப் பதில் தேட, ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் மைக்கேல் பெண்டரின் ஆய்வை அதன் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். "நல்ல கருதுகோள், பரிசோதனையில் தோற்றது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தோற்றது எது என்பதே இன்னும் தீராத வழக்கு.

எலி ஏன் எழுந்து நடந்தது

குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் ராயல் பிரிஸ்பேன் மற்றும் பெண்கள் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவராகவும் பணியாற்றிய பெண்டர், வைரஸ் ஆய்வாளராகத் தொடங்கியவர் அல்லர். 1980களின் தொடக்கத்தில் அவர் கவனமெல்லாம் விலங்குகளில் மையலின் அழிவதால் நரம்பின் மின்சைகை எங்கே, எப்படித் தடைபடுகிறது என்பதில் இருந்தது. மையலின் என்பது நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புறை. மல்டிபிள் ஸ்கிளரோசிஸில் உடலின் நோய் எதிர்ப்புப் படையே அதைத் தாக்குகிறது. பார்வை மங்குவதும் கால் மரத்துப்போவதும் நடை தடுமாறுவதும் அதன் விளைவுகள். இனி இதை எம்.எஸ். என்றே குறிப்பிடுகிறேன்.

ஆய்வகத்தில் எம்.எஸ். நோய்க்கு மாதிரியாக எலிகளிடம் ஒரு செயற்கை நோயை உண்டாக்குவார்கள். லூயிஸ் இன எலிக்கு மையலின் புரதத்தைத் தக்க துணைப்பொருளுடன் ஊசியில் செலுத்தினால், சில நாட்களில் முதலில் வால் துவளும். பிறகு பின்னங்கால்கள் செயலிழக்கும். அதன்பின் நடப்பதுதான் விந்தை: எந்தச் சிகிச்சையும் இல்லாமல் எலி தேறி, மீண்டும் நடக்கத் தொடங்கிவிடும்.

எலி ஏன் பிழைக்கிறது என்று பெண்டர் தேடினார். 1991இல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையில், நோயுற்ற எலிகளின் தண்டுவடத்தில் செல்கள் தாமாகவே சுருங்கி மடிவது காட்டப்பட்டது. தொடர்ந்த ஆய்வுகளில், மடிபவற்றில் மையலினைத் தாக்க வந்த டி செல்களும் இருப்பது தெரிந்தது. நரம்பு மண்டலத்துக்குள் நுழைந்த தாக்குதல் செல்களுக்கு உயிர்பிழைக்கத் தேவையான துணைச் சைகைகள் அங்கே கிடைப்பதில்லை. அவை மடிகின்றன, அழற்சி அடங்குகிறது.

அப்படியென்றால் மனிதனில் ஏன் அடங்குவதில்லை? மனித மூளைக்குள் அந்தத் தாக்குதல் செல்களைச் சாக விடாமல் யாரோ காப்பாற்றுகிறார்கள். பெண்டரின் பிற்கால ஆய்வு முழுவதும் அந்த "யாரோ"வைத் தேடிய முயற்சிதான்.

2003: ஒரு வைரஸின் மேல் சந்தேகம்

எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈ.பி.வி., 1964இல் லண்டனில் ஆந்தனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சாங் ஆகியோரால் கண்டறியப்பட்டது. உகாண்டாவிலிருந்து விமானத்தில் வந்த புர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டியின் செல்களில் அது இருந்தது. வயது வந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடலில் இந்த வைரஸ் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கிறது. குடியிருப்பது பி செல்களுக்குள், குறிப்பாக நினைவு பி செல்களுக்குள். பி செல்கள்தான் ஆன்டிபாடி சுரக்கும் வகை. வைரஸ் புகுந்த பி செல் எளிதில் சாகாது. அதை அடக்கிவைப்பது சி.டி.8 என்ற அடையாளம் தாங்கிய கொல்லி டி செல்களின் அன்றாட வேலை. இந்த இழுபறி நடப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது.

2003இல் பெண்டர் முன்வைத்த கருதுகோள் இது. மையலினைத் தாக்கும் இயல்புள்ள பி செல் ஒன்றுக்குள் ஈ.பி.வி. புகுந்துவிடுகிறது. சாகாவரம் பெற்ற அந்தச் செல் மூளையில் போய்த் தங்குகிறது. அது ஆன்டிபாடி சுரப்பதோடு நிற்பதில்லை. எலியின் தண்டுவடத்தில் மடிந்துபோன அதே வகை டி செல்களுக்கு, மடியாமல் இருக்கத் தேவையான துணைச் சைகையையும் கொடுக்கிறது. எலிக் கேள்விக்கும் வைரஸுக்கும் இங்கேதான் முடிச்சு விழுகிறது. முடக்கு வாதம் உள்ளிட்ட பிற தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்றார் அவர்.

கேட்க அழகாக இருந்தது, நம்ப ஆளில்லை. ஊரில் எல்லோருக்கும் இருக்கும் வைரஸ், ஒரு சிலருக்கு வரும் நோய்க்கு எப்படிக் காரணமாகும் என்ற எதிர்க்கேள்வி அப்போதே இருந்தது. கொல்லி டி செல்கள் பலவீனமாக உள்ளவர்களிடம்தான் தொற்றிய பி செல்கள் மூளைக்குத் தப்பிச் செல்கின்றன என்பது பெண்டரின் பதில். பிற்பாடு, 2012இல், வெயிலையும் வைட்டமின் டி-யையும் இந்தக் கணக்கில் சேர்த்தார். ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு அதைச் சேர்க்காமல் இருப்பது கடினம். ஒரே நாட்டுக்குள், வெயில் கொளுத்தும் வட குவீன்ஸ்லாந்தைவிடத் தென்கோடியில் உள்ள டாஸ்மேனியாவில் எம்.எஸ். பல மடங்கு அதிகம்.

புள்ளிகளை எண்ணுதல்

கொல்லி டி செல்கள் பலவீனமா என்பதை எப்படி அளப்பது? நோயாளியின் ரத்தத்திலிருந்து பி செல்களை எடுத்து ஆய்வகத்தில் ஈ.பி.வி.யைத் தொற்றவைத்தால், அவை தட்டில் ஓயாமல் பெருகும் செல் வரிசையாக மாறும். பிறகு அதே நோயாளியின் டி செல்களை அவற்றோடு சேர்த்து வைக்க வேண்டும். எதிரியை அடையாளம் கண்ட டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சைகைப் பொருளைச் சுரக்கும். தட்டின் அடிப்பரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். நிறமேற்றினால், சுரந்த ஒவ்வொரு செல்லும் இருந்த இடத்தில் ஒரு புள்ளி தெரியும். புள்ளிகளை எண்ணினால் ஆற்றல் தெரியும்.

இந்த வகைச் சோதனையில் எம்.எஸ். நோயாளிகளின் டி செல் எதிர்வினை, அதே வைரஸைச் சுமக்கும் நலமானவர்களினுடையதைவிடக் குறைவு என்று 2009இல் பெண்டர், ஸ்காட் பர்ரோஸ் குழு வெளியிட்டது. வேறு ஆய்வகங்களில் இதே படம் கிடைக்கவில்லை. 2013இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், நோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் வைரஸுக்கு எதிரான கொல்லி டி செல்கள் கூடவே செய்தன. வைரஸ் ஒளிந்திருக்கும்போது காட்டும் புரதங்கள் வேறு, பெருகும்போது காட்டும் புரதங்கள் வேறு. எந்தப் புரதத்தைக் காட்டிச் சோதித்தார்கள், நோயின் எந்தக் கட்டத்தில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. "குறைபாடு" என்ற ஒற்றைச் சொல் இந்தச் சிக்கலை மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. பெண்டரின் கோட்பாட்டில் மிகவும் ஆட்டம் காணும் தூண் இதுதான்.

இன்னொரு தூணும் ஆடியது. மூளைக்குள் தொற்றிய பி செல்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா? இறந்த எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் திசுக்களில் அனேகமாக எல்லாவற்றிலும் இருப்பதாக 2007இல் ரோமில் பார்பரா செராஃபினி, ஃபிரான்செஸ்கா அலோயிசி குழு அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு குழுக்கள் தேடியபோது அகப்படவில்லை, அல்லது மிக அரிதாகவே அகப்பட்டன. திசுவைப் பதப்படுத்திய விதம், சாயமிட்ட முறை என்று வாதம் நீண்டது.

முதல் நோயாளி

பிரிஸ்பேனில் பெண்டரின் மருத்துவமனையை ஒட்டியே கியூ.ஐ.எம்.ஆர். பெர்கோஃபர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ராஜீவ் கன்னாவின் குழு மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்காக ஒரு கருவியை உருவாக்கியிருந்தது. அந்தப் புற்றுநோய்க்கும் ஈ.பி.வி.தான் துணை நிற்கிறது. பெருக முடியாதபடி முடக்கப்பட்ட அடினோவைரஸ் ஒன்றுக்குள் ஈ.பி.வி.யின் மூன்று புரதங்களிலிருந்து எடுத்த பகுதிகளைப் பொதிந்திருந்தார்கள்: ஈ.பி.என்.ஏ.1, எல்.எம்.பி.1, எல்.எம்.பி.2ஏ. மூன்றும் வைரஸ் ஒளிந்திருக்கும் நிலையில் வெளிப்படுபவை. நோயாளியின் ரத்த செல்களை இதைக்கொண்டு தூண்டி வளர்த்தால், இந்தப் புரதங்களை அடையாளம் காணும் டி செல்கள் பெருகும். அவற்றை அவருக்கே திரும்பச் செலுத்தலாம். புற்றுநோய்க்கென்று செய்தது எம்.எஸ். நோய்க்கு வந்து சேர்ந்ததற்கு, இரண்டு குழுக்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

முதல் நோயாளிக்கு நோய் இரண்டாம் நிலையை அடைந்து, விட்டுவிட்டு வரும் தாக்குதல்களுக்குப் பதிலாகப் படிப்படியாக முற்றும் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்தக் கட்டத்தில் மருந்துகளால் செய்ய முடிந்தது சொற்பம். அவருடைய டி செல்கள் எடுக்கப்பட்டு, வளர்க்கப்பட்டு, திரும்பச் செலுத்தப்பட்டன. 2014இல் வெளியான அறிக்கையின்படி பாதகமான விளைவு ஏதும் இல்லை, சோர்வும் கால்களின் வலிமிகுந்த இறுக்கமும் குறைந்தன, எம்.ஆர்.ஐ. படத்தில் நோயின் தீவிரம் தணிந்திருந்தது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, தண்டுவடத் திரவத்தில் உள்ளூரில் உற்பத்தியாகும் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி, குறைந்தது. சோர்வு நம்பிக்கையால் குறையலாம். தண்டுவடத் திரவத்துக்கு நம்பிக்கை தெரியாது.

எம்.எஸ். மட்டுமல்ல, எந்தத் தன்னெதிர்ப்பு நோய்க்குமே ஈ.பி.வி. டி செல் சிகிச்சை தரப்பட்டதாக வெளியான முதல் அறிக்கை அதுதான்.

பத்துப் பேர்

2018இல் முதல் கட்டப் பரிசோதனையின் முடிவு வந்தது. சேர்க்கப்பட்டவர்கள் 13 பேர்; முழுச் சிகிச்சையும் பெற்றவர்கள் 10 பேர். அவர்களில் பாதிப் பேருக்குத் தொடக்கத்திலிருந்தே முற்றும் வகை, பாதிப் பேருக்கு இரண்டாம் நிலையில் முற்றும் வகை. ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டி நான்கு தவணைகளாகச் செல்கள் செலுத்தப்பட்டன. போலி மருந்துக் குழு கிடையாது. என்ன கிடைக்கிறது என்பது மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும்.

ஏழு பேர் தேறினார்கள். அவர்களில் ஆறு பேருக்கு அறிகுறிகள் தணிந்ததோடு, நரம்பியல் சோதனையிலும் மாற்றம் தெரிந்தது. ஆனால் அறிக்கையின் உயிர் இந்த ஏழில் இல்லை; அதன் பிரிவினையில் இருக்கிறது. செலுத்தப்பட்ட டி செல்கள் ஈ.பி.வி.க்கு எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டின என்று ஆய்வகத்தில் அளந்திருந்தார்கள். வலுவான செல்களைப் பெற்ற ஆறு பேரும் தேறினர். வலுவற்ற செல்களைப் பெற்ற நால்வரில் ஒருவர் மட்டுமே தேறினார்.

இந்தப் பிரிவினையை ஒரு காகிதத்தில் சரிபார்க்கலாம். பத்துப் பேரில் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க 120 வழிகள் உண்டு. வலுவான செல் பெற்ற ஆறு பேரும் அந்த ஏழுக்குள் வரும் வழிகள் வெறும் நான்கு. தற்செயலாக இப்படிப் பிரியும் வாய்ப்பு முப்பதில் ஒன்று, அறிக்கையில் அச்சான 0.033 இதுதான். போலி மருந்துக் குழு இல்லாத பரிசோதனைக்குள்ளேயே ஓர் ஒப்பீடு கிடைத்துவிட்டது. வெறும் நம்பிக்கையால் தேறினார்கள் என்றால், செல்களின் வலுவைப் பொறுத்து நோயாளிகள் ஏன் இப்படிப் பிரிய வேண்டும்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வலுவான செல் பெற்ற அந்த ஆறு பேரில் ஒரே ஒருவரைப் பற்றிய மதிப்பீடு பிசகியிருந்தால்? அப்போது தேறியவர்கள் ஆறு பேர், வழிகள் 210. இந்த அளவுக்கோ இதைவிடவோ சாய்ந்த பிரிவினைகள் 25. கிட்டத்தட்ட 12 சதவீதம். தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய எண். ஒரு நோயாளி, ஒரு மருத்துவரின் ஒரு மதியநேர மதிப்பீடு. கண்டுபிடிப்புக்கும் தற்செயலுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம் இருந்தது. மருத்துவ ஆய்வில் ஊறியவர்கள் பத்துப் பேர் கொண்ட பரிசோதனைகளை நம்பத் தயங்குவதற்குக் காரணம் அவநம்பிக்கை அல்ல, இந்தக் கணக்கு.

2022: சந்தேகம் சாட்சியாகிறது

பிரிஸ்பேனில் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தபோது, வைரஸின் மேலிருந்த பழி வேறோர் இடத்தில் உறுதியானது. அமெரிக்கப் படையினரிடம் எச்.ஐ.வி. சோதனைக்காகக் குறித்த கால இடைவெளியில் ரத்தம் எடுப்பது வழக்கம், மிச்சம் சேமிக்கப்படும். ஆல்பெர்ட்டோ அஷேரியோ, கெட்டில் பியோர்னெவிக் உள்ளிட்ட ஹார்வர்ட் குழுவினர் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படையினரின் பதிவுகளிலிருந்து, எம்.எஸ். வந்த 801 பேரின் பழைய ரத்த மாதிரிகளைப் பரிசோதித்தனர். முதல் மாதிரியில் ஈ.பி.வி. இல்லாதவர்கள் 35 பேர். அவர்களில் 34 பேருக்கு, எம்.எஸ். தொடங்குவதற்கு முன்பே தொற்று வந்துவிட்டது. தொற்றுக்குப் பிறகு ஆபத்து 32 மடங்கு கூடியது. எச்சில் வழியே பரவும் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோவைரஸ் அப்படி எதுவும் செய்யவில்லை. நரம்பிழை சிதைவதைக் காட்டும் புரதம் ரத்தத்தில் கூடியதும் ஈ.பி.வி. தொற்றுக்குப் பின்னரே.

அதே மாதம் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் ராபின்சனின் குழு இன்னொரு வழியைக் காட்டியது. ஈ.பி.என்.ஏ.1 புரதத்தின் ஒரு துண்டு, மூளையின் கிளையல்கேம் என்ற புரதத்தின் ஒரு துண்டைப் போலவே இருக்கிறது. ஒன்றுக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி மற்றதையும் பிடித்துக்கொள்கிறது.

இரண்டும் பெண்டருக்கு வெற்றிச் செய்தி போலத்தான் வெளியே பேசப்பட்டன. எனக்கோ இரண்டாவது செய்தி அவருக்குப் பாதி பகை என்று தோன்றுகிறது. வைரஸ் ஒருமுறை வந்து நோய் எதிர்ப்புப் படையைத் தவறான இலக்குக்குப் பழக்கிவிட்டுப் போகிறது என்றால், பிறகு தொற்றிய செல்களைத் தேடிக் கொல்வதால் என்ன கிடைக்கும்? தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் கீல்வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சிதைத்த பிறகு, பென்சிலின் மறு தாக்குதலைத் தடுக்குமே தவிர வால்வைச் சீராக்காது. மாறாக, வயிற்றுப் புண்ணில் ஹெலிகோபாக்டர் கிருமியை அழித்தால் புண் ஆறிவிடுகிறது, ஏனென்றால் கிருமி அங்கேயே இருந்துகொண்டு நோயை நடத்துகிறது. எம்.எஸ். நோயில் ஈ.பி.வி. தொடங்கிவைப்பதா, நடத்திக்கொண்டே இருப்பதா? 2022இன் எண்கள் முதல் பாதிக்குத்தான் சாட்சி சொல்கின்றன. பெண்டரின் சிகிச்சைக்கு இரண்டாம் பாதியும் உண்மையாக இருக்க வேண்டும்.

அந்த இரண்டாம் பாதிக்கு மறைமுகச் சான்று உண்டு. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் 2008இலேயே எம்.எஸ். தாக்குதல்களைக் குறைத்துக் காட்டியது. அதன் வழிவந்த ஆக்ரிலிசுமாப் 2017இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஆன்டிபாடி அளவு பெரிதாகக் குறையும் முன்பே பலன் தெரிந்ததால், பி செல்தான் குற்றவாளி, ஆன்டிபாடி அல்ல என்று பலர் முடிவுக்கு வந்தனர். ஈ.பி.வி.யின் வீடே பி செல்தான்.

தோல்வியைப் பிரித்துப் பார்த்தல்

இப்போது அந்த 6 சதவீதத்துக்கு வருவோம். பெண்டர் கொடுத்தது நோயாளியின் சொந்த செல்கள். ஏ.டி.ஏ.188 அப்படியல்ல, நலமான கொடையாளரின் டி செல்களை வளர்த்து உறையவைத்து, திசு வகை ஓரளவு பொருந்துகிறவர்களுக்குக் கொடுப்பது. காரணம் வணிகம் மட்டும் அல்ல. எம்.எஸ். நோயாளியின் டி செல்களே பலவீனம் என்பதுதான் கோட்பாடு. அப்படியானால் வலுவானவரிடமிருந்து வாங்குவது தர்க்கப்படி சரி. வலுவற்ற செல் பெற்ற அந்த நால்வரின் கதையும் இதையே சொல்லியது. இதே நிறுவனத்தின் இன்னொரு கொடையாளர் டி செல் சிகிச்சை, உறுப்பு மாற்றுக்குப் பின் வரும் ஈ.பி.வி. லிம்போமாவுக்காக 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒப்புதலும் பெற்றிருந்தது.

ஆனால் உறுப்பு மாற்று நோயாளியின் எதிர்ப்பாற்றல் மருந்துகளால் ஒடுக்கப்பட்டிருக்கும். அந்நிய செல்கள் அங்கே தாக்குப்பிடிக்கும். எம்.எஸ். நோயாளியின் எதிர்ப்பாற்றல் முழு விழிப்புடன் இருக்கிறது. அவருடைய உடல் இந்த அந்நிய செல்களை எத்தனை நாள் விட்டுவைக்கும்? மூளைக்குள் எத்தனை போய்ச் சேரும்? லிம்போமாவில் கட்டி சுருங்குவதைப் படமெடுத்துப் பார்க்கலாம். எம்.எஸ். நோயில், உயிருள்ள ஒருவரின் மூளைக்குள் தொற்றிய பி செல்கள் குறைந்தனவா என்று எண்ணிப் பார்க்க வழி இல்லை. எண்ணியதெல்லாம் நடையையும் கைத்திறனையும்தான்.

நோயாளித் தேர்வும் ஒரு பிரச்சினை. இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள் புதிய அழற்சி தென்படாத, முற்றும் வகையினர். அந்தக் கட்டத்தில் இழப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே நரம்பிழைகள் அறுந்துபோனதால் வந்தது. குற்றவாளியைப் பிடித்தாலும் களவுபோனது திரும்பாத கட்டம். தேறியவர்களை எண்ணுவதற்குப் பதிலாக, மேலும் மோசமாகாதவர்களை நீண்ட காலம் எண்ணியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அதற்குப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் வேண்டும்.

இத்தனை விளக்கங்களுக்குப் பிறகும் அந்த 16 சதவீதம் கண்ணை உறுத்துகிறது. எதுவும் பெறாதவர்களில் ஆறில் ஒருவர், நரம்பியலாளர்கள் பயன்படுத்தும் பத்து மதிப்பெண் அளவுகோலில் உறுதிசெய்யப்பட்ட முன்னேற்றம் காட்டினார். நடை தூரத்தைச் சார்ந்த அளவுகோல் அது. தூக்கம், வெப்பம், மனநிலை எல்லாம் அதை அசைக்கும். 2018இன் பத்துப் பேரில் சிகிச்சையே இல்லாமல் ஒன்றிரண்டு பேர் தேறியிருப்பார்கள் என்று இதிலிருந்து கணக்கிடலாம். ஏழுக்கும் ஒன்றிரண்டுக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப அளவுகோல் வேறுபாடும் நம்பிக்கையும் போதுமா, அல்லது சொந்த செல்களுக்கு மட்டும் உரிய ஏதோ ஒன்று வேண்டுமா என்பதைத் தீர்க்கும் பரிசோதனை எளிமையானதே: நோயாளியின் சொந்த செல்கள், ஊசிக்கு முன் வலு அளவீடு, நோயின் தொடக்க ஆண்டுகள், போலி மருந்துக் குழு. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் செல் வளர்க்கும் செலவை யார் ஏற்பார்கள் என்பது மட்டுமே அதில் கடினம்.

இதற்கிடையே தேடல் வேறு பாதைகளில் போகிறது. ஈ.பி.வி. தடுப்பூசிகள் மனிதப் பரிசோதனைக்கு வந்துவிட்டன, அவை எம்.எஸ். நோயைத் தடுக்கின்றனவா என்று அறியப் பல ஆண்டுகள் பிடிக்கும். பி செல்களைத் தேடிக் கொல்லும்படி மாற்றியமைத்த கார்-டி செல்களும் எம்.எஸ். நோயாளிகளிடம் சோதிக்கப்படுகின்றன. அவை வைரஸ் உள்ள பி செல், இல்லாத பி செல் என்று பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் துடைத்துவிடுகின்றன. அவை பலன் தந்தாலும், தந்தது வைரஸின் வீட்டை இடித்ததாலா, வெறும் பி செல்லை அகற்றியதாலா என்று பெண்டரின் தரப்பும் ராபின்சனின் தரப்பும் தொடர்ந்து வாதிட இடம் இருக்கும்.